கணக்குப்படி நான் இன்னும் கடலுக்குள்தான் இருக்கிறேன்

எனக்கு நீச்சல் தெரியாது.

தூத்துக்குடியில் பிறந்தவள். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வளர்ந்தவள். சொந்தச் சித்தப்பா சங்கு குளிக்கப் போகிறவர். இருந்தும் தெரியாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் போலி நோட்டைப் பார்ப்பதுபோல் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். (திருநெல்வேலிக்காரர்கள் எல்லாருக்கும் அல்வா கிண்டத் தெரியுமா என்று நானும் திருப்பிக் கேட்பேன்.) கடலுக்கும் எனக்கும் கணுக்கால் வரைதான் உறவு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்; பெரிய அலை வந்தால் மரியாதையாகப் பின்வாங்கிவிடுவேன். என் தலை கோயிலில் நனைந்தது ஒரே தடவை, ஞானஸ்நானத்தின்போது. அன்றைக்கும் சாமியார் ஜெபம் சொல்லும் சத்தமே கேட்காதபடி அலறினேனாம்.

இப்படிப்பட்ட நான், இருபத்தைந்தாவது வயதில், ஒரு பெரிய மேலாண்மைக் கல்லூரிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டேன் தெரியுமா? ஆழ்கடலில் முங்கிப் பவளப்பாறைகளைக் காப்பாற்றும் பெண்கள் குழுவின் தலைவி.

ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது துறைமுகச் சாலையில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் போகும் சரக்குக்கான காகிதங்களைத் தயாரிக்க வேண்டும். என் ஆங்கிலம் முழுவதும் அந்த ஆபீஸ் கடிதங்களைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் அதில் கனிவான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே 'உடனடியாகப் பதில் அளிக்கவும்' ரகம்தான். அந்த ஆபீசுக்கு மேனேஜராக ஒருவர் வந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர். கன்டெய்னருக்குக் கதவு எந்தப் பக்கம் என்று நான்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து என் லீவு விண்ணப்பத்தில், 'காரணம் போதுமானதாக இல்லை' என்று அவர் எழுதினார். அவரிடம் இருந்து என்னிடம் இல்லாத ஒரே பொருள் எம்.பி.ஏ. பட்டம்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் யாருக்கும் கதவு காட்டுவதில்லை. நானே போய்ப் படித்துவிட்டு வருவேன். ஒரு வருடம் ராப்பகலாகப் படித்து நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். மிச்சமிருந்தது கட்டுரை மட்டும்.

கேள்வி இதுதான்: படிப்புக்கும் வேலைக்கும் வெளியே நீங்கள் முன்னின்று நடத்திய ஒரு செயல்பாட்டைப் பற்றி எழுதுக.

முதலில் நான் உண்மையைத்தான் எழுதினேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். எங்கள் கோயில் திருவிழாவுக்கு மறுநாள் அசனம் நடக்கும். ஊருக்கே சோறு. யார், என்ன, எந்த மதம் என்று ஒருவரையும் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்தால் இலை விழும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். பந்தி பந்தியாகக் கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் சாப்பிடுவார்கள். அந்தப் பந்திகளை நடத்துவது பதினாறு வயதிலிருந்து நான்தான். ஒன்றும் திறமை பார்த்துக் கொடுக்கவில்லை. தலைமைச் சமையல்காரர் குரூஸ் அண்ணாச்சிக்கு மைக் பிடிக்காது. என் தொண்டை பிடித்திருந்தது. "மைக்குக்குக் கரண்டு வேணும். இவளுக்கு ஒரு டம்ளர் காப்பி போதும்" என்பார்.

இதை அழகாக எழுதி, ஆபீசில் என் பக்கத்து மேசை செல்வினிடம் காட்டினேன். முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். எம்.பி.ஏ. கோச்சிங் வகுப்புக்கு மூன்று மாதம் போய்விட்டு நின்றுவிட்டவன். (நின்றவர்கள்தான் நல்ல ஆலோசகர்கள் என்று அப்போது நம்பினேன்.)

படித்து முடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஏளா, சோறு போட்டேன்னு எழுதுனா உன்னைய காலேஜ்ல சேக்க மாட்டாங்க. மெஸ்ஸுல சேத்துக்கிடுவாங்க."

"இது உண்மைல்லா?"

"உண்மைய யாரு கேட்டா? தலைமைப் பண்புல்லா கேக்கான்! இங்கன பாரு." போனில் மாதிரிக் கட்டுரைகளை எடுத்துக் காட்டினான். ஒருத்தி இமயமலை ஏறியிருந்தாள். ஒருவன் வயலின் வாசித்துக்கொண்டே கிராமத்துக்குக் குடிநீர் கொண்டுவந்திருந்தான். இன்னொருவன் ஏதோ ஒரு பாலைவனத்தில் ஓடியிருந்தான். ஏன் ஓடினான் என்று கடைசிவரை சொல்லவில்லை.

"நமக்கு மலையா இருக்கு? கடல்தான இருக்கு. அத எடுத்து விடு" என்றான் செல்வின்.

எடுத்து விட்டேன். 'முத்துக் குளித்த முன்னோர்களின் மூச்சு என் நுரையீரலில் இருக்கிறது' என்று தொடங்கினேன். 'ஆழ்கடலின் மௌனமே எனக்குத் தலைமையைக் கற்றுக்கொடுத்தது' என்று முடித்தேன். (ஆங்கிலத்தில் எழுதியபோது இது இவ்வளவு கேவலமாகத் தெரியவில்லை.) நடுவில் பத்துப் பெண்கள், பாறையில் சிக்கிய பழைய வலைகள், நான் மூச்சடக்கி அறுத்தெடுத்த கயிறுகள். படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

வினை படிவத்தின் கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது: 'இச்செயல்பாட்டை நேரில் கண்டவர் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.'

கடலைப் பற்றிச் சாட்சி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ஜெரோம் சித்தப்பா. எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் அவரிடம் போனேன். சனிக்கிழமை அதிகாலை. மறுநாள் திருவிழா என்பதால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, காலேஜ்ல இருந்து போன் வரும். நான் கடல்ல முங்குவேன்னு ஒரு வார்த்த சொல்லணும்."

"யாரு முங்குவா?"

"நாந்தான்."

"எதுல, அண்டாவுலயா?" பக்கத்தில் அவர்கள் படகான வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்த அந்தோணி அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது.

"கடல்ல சித்தப்பா. சும்மா ஒரு வார்த்தைக்கு."

சித்தப்பா குழாயைக் கீழே வைத்தார். "பிரிஸ்கா, உனக்காக என்ன பொய் வேணும்னாலும் சொல்லுதேன். நீ கலெக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டேன்னு சொல்லணுமா, சொல்லுதேன். இறங்காதவள இறங்கினான்னு மட்டும் என் வாயில வராது."

இது பிடிவாதம் அல்ல. அவர்கள் வள்ளத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் நீருக்குள் போகும்போது வள்ளத்தில் நிற்பவர் பெயரைச் சொல்லி "இறங்கிட்டான்" என்று உரக்கச் சொல்வார். முங்கியவர் தன் கையால் விளிம்பைப் பிடித்து மேலே வந்ததும் "ஏறிட்டான்". இறங்கிய எண்ணிக்கையும் ஏறிய எண்ணிக்கையும் சரியாக வந்தால்தான் எஞ்சினைத் தொடுவார்கள். முன்பு வேறொரு வள்ளத்தில், ஏறாத ஒருவர் ஏறிவிட்டதாக யாரோ சொல்லி, எஞ்சினைத் தட்டிவிட்டார்கள். அந்தக் கதையைச் சித்தப்பா பாதியிலேயே நிறுத்திவிடுவார். மீதியை யாரும் கேட்பதில்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது.

"சரி, ஒண்ணு செய்வோம். உன்னைய ஒரு தடவ இறக்கி ஏத்துதேன். அப்புறம் கேக்கவன்ட்ட தைரியமா சொல்லிருவேன்."

பொய்யை உண்மையாக்க இவ்வளவு எளிய வழி இருக்கிறதா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுடிதாரோடு வள்ளத்தில் ஏறினேன்.

கரை கொஞ்சம் சின்னதானதும் நிறுத்தினார்கள். இடுப்பில் கயிறு கட்டினார்கள். முகத்தில் கண்ணாடி மாட்டினார்கள். முங்குகிறவர்கள் இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொள்வார்கள். அந்தோணி அண்ணாச்சி அதை எடுத்தபோது சித்தப்பா தடுத்தார். "ஈயம் வேண்டாம். இவ வாய்க் கனமே போதும்."

சித்தப்பா முதலில் குதித்தார். நான் வள்ளத்தின் ஓரத்தில் தொங்கிய டயரைப் பிடித்துக்கொண்டு, இடுப்புவரை போய், கழுத்துவரை போய், கண்ணை மூடிக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.

"பிரிஸ்கா இறங்கிட்டா!" என்று மேலே அந்தோணி அண்ணாச்சியின் குரல் கேட்டது.

உள்ளே கண்ணைத் திறந்தேன். கீழே தரை இல்லை. பச்சையாக ஏதோ போய்க்கொண்டே இருந்தது. ஆழ்கடலின் மௌனம் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நான்தான் அதற்கு அலறக் கற்றுக்கொடுத்தேன். வாயைத் திறந்ததும் மன்னார் வளைகுடாவில் பாதி உள்ளே வந்தது. கூடவே, அந்தப் பக்கமாகத் தன்பாட்டில் ஜெல்லிபோல் மிதந்துகொண்டிருந்த ஒரு சொறிமீன் என் உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டதா? தீக்குச்சி கிழித்ததுபோல இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. கீழிருந்து சித்தப்பா தள்ள, மேலிருந்து அந்தோணி அண்ணாச்சி கயிற்றை இழுக்க, வள்ளத்துக்குள் வந்து மல்லாக்க விழுந்தேன். அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "ஐஸ் பெட்டி ஏத்துன மாதிரில்லா இருக்கு."

மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகக் கேட்டேன். "எவ்வளவு நேரம் உள்ள இருந்தேன்?"

"இறங்கிட்டான்னு சொன்ன வாய நான் மூடக்கூட இல்ல."

"பரவால்ல. சித்தப்பா, இனி நீங்க சொல்லலாம்ல?"

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "இறங்கினான்னு சொல்லுவேன். ஏறினான்னு எப்படிச் சொல்ல? நீ ஏறலியே. உன்னையத் தூக்கில்லா போட்டோம்."

"அப்போ?"

"கணக்குப்படி நீ இன்னும் உள்ளதான் இருக்க."

"எஞ்சினத் தட்டலாமா, கூடாதா?" என்று அந்தோணி அண்ணாச்சி உண்மையாகவே குழம்பினார்.

"சரக்கு ஏறிட்டுன்னு வச்சுக்கிட்டுத் தட்டு" என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னைப் பார்த்து, "இது என்னளா, உதட்டுக்கு மேல இன்னொரு உதடு முளைச்சிருக்கு?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் பாடவில்லை. கோயிலில் பலர் அதைத் திருவிழா விசேஷமாக எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அசனம். உதடு வீங்கியிருந்தால் என்ன, தொண்டை வீங்கவில்லையே. கோயில் பக்கத்துப் பந்தலில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி எல்லாம் ஒழுங்காகப் போயின. மூன்றாம் பந்தி உட்காரும்போதுதான் பெரியதாழையிலிருந்து எங்கள் அம்மா வழிச் சொந்தங்கள் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். குரூஸ் அண்ணாச்சி என் காதோரம் வந்து, "ஏளா, கறி அண்டாவுல அடி தெரியுது" என்றார். அசனத்தில் ஒருவரை இல்லை என்று அனுப்பினால் வருடம் முழுக்க அந்தத் தெருவுக்குத் தூக்கம் வராது.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவின் போன் அடித்தது. ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். வருடக்கணக்காக முங்கி முங்கி அவருக்குக் காது மந்தம்; எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பந்தி முழுவதும் கேட்டது.

"வணக்கம் சார், கல்லூரி சேர்க்கைப் பிரிவுக்காக சென்னையிலேர்ந்து பேசறேன். மிஸ் பிரிஸ்கா டைவிங் பண்றதை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன் மேடம். சனிக்கிழம காலைல இறங்கினா."

"வெரி குட். வழக்கமா எவ்ளோ நேரம் உள்ள இருப்பாங்க?"

"இன்னும் ஏறலியே மேடம்."

பந்தியில் கைகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன.

"சார்... இன்னைக்குத் திங்கட்கிழமை."

"ஆமா மேடம், இன்னைக்கு அசனம்."

"ரெண்டு நாளா கடலுக்குள்ள இருக்காங்களா? போலீசுக்குச் சொன்னீங்களா சார்?" ஸ்பீக்கர் கரகரக்க அந்த அம்மா கேட்டார்.

"போலீஸ் எதுக்கு? இங்கனதான் கறி போட்டுக்கிட்டு நிக்கா."

நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன். ஒரு கையில் கறிக்கரண்டி. "மேடம், நான் பிரிஸ்கா. அவர் சொல்றது என்னன்னா..." என்று ஆபீஸ் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். வீங்கிய உதட்டில் 'பவளப்பாறை' என்ற ஆங்கிலச் சொல் எத்தனை முறை முயன்றும் வெளியே வர மறுத்தது. ஒரு வருடப் படிப்பு, அந்த மேனேஜரின் கையெழுத்து, நான் போயே தீருவேன் என்று சொல்லிவைத்திருந்த அந்த ஒரு இடம், எல்லாம் அந்த உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒட்டியிருக்கும்.

"ஏ பிரிஸ்கா!" பெரியதாழை மாமி ஒருத்தி பந்தியிலிருந்து கூப்பிட்டாள். "சோறு ஆறிப்போச்சு. போன்லயே குழம்பு ஊத்துவியோ?"

திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டியவரை இலை. இலைதோறும் வெள்ளைச் சோறு. குரூஸ் அண்ணாச்சி அண்டாவைச் சரித்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மா மேல் அல்ல. பவளப்பாறைக் குழுத் தலைவி மேல். இத்தனை பேர் என் தொண்டைக்காகக் காத்திருக்க, எனக்குத் தெரியாத ஒரு கடலுக்காக நான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

"மேடம்," என்றேன் தமிழில். "நான் எழுதினது பொய். எனக்கு நீச்சலே தெரியாது. நான் சோறு போடுறவ. மூணாம் பந்தி உக்காந்திருக்கு, கறி பத்தாது. இப்போ எனக்கு உங்ககிட்டப் பேச நேரமில்ல. வச்சிருதேன்."

வைத்துவிட்டுக் கத்தினேன். (அடுத்த தெருவில் நின்ற வேனில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள்.) "ரசம் முன்னால போகட்டும்! கூட்டு ரெண்டு தடவ! கறிக்குச் சின்னக் கரண்டி! அதை மாமிட்ட குடுங்க!" மாமி என்றால் பெரியதாழை மாமி அல்ல, பந்தியில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்து, அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை அரைக்கரண்டிக் குழம்பை முழுக்கரண்டியாகத் தெரியவைக்கும் எங்கள் அருள்மேரி மாமி. மூன்றாம் பந்தி முடிந்து, நான்காம் பந்தி முடிந்து, வீட்டுக்கு வாங்கிப்போக வாளி கொண்டுவந்தவர்களுக்கும் ஊற்றியபின் அண்டாவில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது.

அன்றைக்கு நான் அழவில்லை. (அழுதேன். ரச அண்டாவுக்குப் பின்னால். ஆனால் கடைசிப் பந்திக்கு அப்புறம்தான்.)

இரண்டு வாரத்தில் மூன்று வரியில் நிராகரிப்பு வந்தது. நியாயம்தான். பேசாமல் இருந்திருக்கலாம், எனக்குத்தான் பேசாமல் இருக்கத் தெரியாதே. பதில் எழுதினேன்: 'தங்கள் கடிதம் கிடைத்தது. பொய் எழுதியது என் தவறு; அதற்கு மன்னிப்புக் கோருகிறேன். மூவாயிரம் பேருக்குச் சோறு போடுவது ஒரு செயல்பாடு ஆகாது என்று நான் நினைத்தது அதைவிடப் பெரிய தவறு. அதற்குத் தங்களிடம் மன்னிப்புக் கோர வேண்டியதில்லை. உடனடியாகப் பதில் அளிக்கவும்.' பதில் வரவில்லை.

அடுத்த வருடம் மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். மூன்றிலும் ஒரே கட்டுரை. முதல் வரி: 'நான் சோறு போடுகிறவள்.' செல்வின் தலையில் கைவைத்துக்கொண்டான். இரண்டு இடத்தில் கூப்பிடவே இல்லை. மூன்றாவது இடத்தில் கூப்பிட்டார்கள். நேர்முகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் என் கட்டுரையை விரல் நுனியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சாப்பாடு பரிமாறுவதில் என்னம்மா தலைமைப் பண்பு?" என்று கேட்டார்.

"நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் சார். கறி அறுபது பேருக்குத்தான் இருக்கிறது. யாரையும் எழுப்பக் கூடாது. என்ன செய்வீர்கள்?"

"முன்பதிவு..." என்று தொடங்கினார்.

"யாரையும் பெயர் கேட்கக் கூடாது சார்."

பக்கத்தில் இருந்த பெண்மணி ஆர்வமாகி, "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"கரண்டியை மாற்றுவேன். சின்னக் கரண்டியை, நன்றாகப் பேசுகிறவர் கையில் கொடுப்பேன்."

இடம் கிடைத்தது. கண்ணாடிக்காரருக்கு என்மேல் கடைசிவரை நல்ல அபிப்பிராயம் இல்லை. இரண்டாம் வருடம் எனக்கு அவர் பாடம் எடுத்தபோது தெரிந்தது. எனக்கும் அவர்மேல் இல்லை. அதனால் கணக்கு சரி.

இப்போது நான் ஒரு கன்டெய்னர் முனையத்தில் மேனேஜர். லீவு விண்ணப்பங்களில் காரணமே கேட்பதில்லை. தெருவில் யாராவது கட்டுரையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தால், அதில் மலையோ பாலைவனமோ இருந்தால், ஒரே கேள்விதான் கேட்பேன்: "நீ இறங்கினியா?" பாதிப் பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள், மறுவாரம் நல்ல கட்டுரையோடு வருவார்கள்.

ஆனால் என் வீட்டில் யாருக்கும் என்மேல் இந்த மரியாதை கிடையாது. என் கல்யாண வீட்டில் ஆள் எண்ணியபோது அந்தோணி அண்ணாச்சி எழுந்து, பெண்ணைச் சேர்க்காதீர்கள், அவள் இன்னும் கடலில் இருக்கிறாள் என்றார். வீட்டில் யார் தண்ணீர் டம்ளரை என் முன்னால் வைத்தாலும், "பாத்துளா, முங்கிராத" என்று ஒரு குரல் வரும். பட்டமளிப்பு விழாவில் நான் மேடைப் படியேறிப் பட்டம் வாங்கிவிட்டு வந்து, "சித்தப்பா, இப்பவாது ஏறிட்டான்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். சித்தப்பா அந்தச் சுருட்டிய பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மேடைல்லா? கடல்ல இறங்கினவ கடல்லதான் ஏறணும்."

இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். இறங்கினேன், அது போதும். கணக்குப்படி நான் இன்னும் கடலுக்குள்தான் இருக்கிறேன். சரி, இருந்துவிட்டுப் போகிறேன். வருகிற அசனத்தில் அவரும் மூன்றாம் பந்தியில்தான் உட்காருவார். கரண்டி என் கையில் இருக்கும். சின்னக் கரண்டி.